பாராபுல்லாவைப் பாலமாகவே இருக்க விடுங்கள்

டெல்லி பாராபுல்லா பாலத்தைக் காக்கும் பொறுப்பிலும், அதன் அடியில் ஓடும் வாய்க்காலைப் பராமரிக்கும் பொறுப்பிலும் இருக்கும் அதிகாரிகளுக்கு,

சீரமைப்பு வேலை முழுதாக முடிந்த பிறகு அந்தப் பாலத்தின் மேல் மக்கள் நடக்கலாமா, கூடாதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிவிட்டேன். ஓரிடத்தில் "அது வாய்க்கால் சம்பந்தப்பட்டது" என்றார்கள். வாய்க்காலைப் பார்ப்பவர்களிடம் போனால் "பாலம் எங்கள் கையில் இல்லை" என்றார்கள். இன்னோரிடத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள். பதில் வரவில்லை. தனியாகக் கேட்டுப் பதில் கிடைக்காததால் இப்போது எல்லோரும் படிக்கும்படி கேட்கிறேன்.

நான் ஜங்புரா பக்கம் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழர். நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போவதற்கும், காய்கறியும் மீனும் வாங்குவதற்கும் அந்தப் பாலத்தைத்தான் மிதித்திருக்கிறேன். எங்கள் பகுதி ஆட்களுக்கு அது தினசரி வழி. டெல்லியில் மற்றவர்களிடம் "பாராபுல்லா" என்று சொன்னால் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காகச் சராய் காலே கானிலிருந்து ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் வரை கட்டிய மேம்பாலச் சாலையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். பெயரைக் கொடுத்த பாலம் கீழே, ரயில் பாதைக்கும் சாக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. நாள்தோறும் அந்த மேம்பாலத்தில் காரில் பறப்பவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தெரியாதவர்களுக்காக அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் கோப்புகளில் அது ஒரு வரிசை எண்ணாக மட்டும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முகலாய மன்னர் ஜஹாங்கீர் காலத்துப் பாலம் அது. கட்டியவர் மிஹ்ர் பானு ஆகா. அரசகுல ஆள் இல்லை, படைத்தளபதி இல்லை. அரண்மனையில் அந்தப்புர நிர்வாகத்தைக் கவனித்த குவாஜாசராக்களின், அதாவது திருநங்கை/அலி எனப்பட்ட அரண்மனைப் பணியாளர்களின், தலைவர். பதினோரு வளைவுகள், பன்னிரண்டு தூண்கள். ஒவ்வொரு தூணுக்கும் நேர் மேலே, கைப்பிடிச் சுவரில், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரத்துக்குக் குட்டி மினார். அகலம் சுமார் 14 மீட்டர். நானூறு வருடத்துக்கு முன்னால் 14 மீட்டர் அகலத்தில் ஒரு பாலம் போட்டிருக்கிறார்கள் என்றால், எவ்வளவு போக்குவரத்தை எதிர்பார்த்திருப்பார்கள் என்று பாருங்கள். ஆக்ராவிலிருந்து டெல்லி வழியாக லாகூர் போகும் ராஜபாட்டை அதன் மேல்தான் போனது. அந்தப் பாதையின் தூரக்கம்பங்களான கோஸ் மினார்களில் ஒன்று பதர்பூரிலும் இன்னொன்று டெல்லி மிருகக்காட்சிசாலைக்கு உள்ளேயும் இன்றைக்கும் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே இந்தப் பாலம். மூன்றையும் மனசுக்குள் ஒரு கோட்டில் இணைத்தால் பழைய சாலை அப்படியே கண்ணில் தெரியும்.

1611-இல் வில்லியம் ஃபின்ச் என்ற ஆங்கிலேய வணிகர் இந்த வழியாக வந்தார். யமுனையின் கிளை ஒன்றின் மேல் பதினோரு வளைவுகள் உள்ள கல்பாலம் இருப்பதையும், அங்கிருந்து பெரிய மரங்கள் நிழல் தரும் அகலமான சாலை ஹுமாயூன் சமாதிவரை போவதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். சமாதிக்குள் விலையுயர்ந்த கம்பளங்கள் விரித்திருந்ததாம். கல்லறை மேல் வெள்ளைத் துணி, பக்கத்தில் ஹுமாயூனின் வாள், தலைப்பாகை, காலணி. பாலத்தைத் தாண்டிய கையோடு அந்த நிழல் சாலையில் நடந்து போய் இதையெல்லாம் பார்த்திருக்கிறார் மனுஷன். இன்றைக்கு அந்தப் பாலத்தில் நின்று ஹுமாயூன் சமாதி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், வழிகாட்ட ஒரு பலகைகூடக் கிடையாது.

பாலத்தில் முன்பு பாரசீக மொழிக் கல்வெட்டு ஒன்று இருந்தது. ஜஹாங்கீரின் பெயரும் மிஹ்ர் பானு ஆகாவின் பெயரும் அதில் இருந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெல்லிச் சின்னங்களைப் பதிவு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்போது அந்தக் கல் இல்லை. பாலம் 1612-ஐ ஒட்டிக் கட்டப்பட்டதாக ஒரு சாரார் சொல்கிறார்கள், 1621 என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். ஃபின்ச் பார்த்ததோ அதற்கெல்லாம் முன்னால். கல் இடத்தில் இருந்திருந்தால் யாரும் நேரில் போய் எழுத்தை வாசித்துவிட்டு வரலாம். ஒரே ஒரு கல் போனதில், கட்டிய வருடமே விவாதப் பொருளாகிவிட்டது. நீங்கள் காப்பாற்ற வேண்டிய சொத்தில் எவ்வளவு சின்ன விஷயம் எவ்வளவு பெரிய நஷ்டமாகும் என்பதற்கு இந்தக் கல் ஒன்று போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹுமாயூன் சமாதி வளாகத்துக்குள் அரபு சராய் என்ற பழைய மதில்சூழ் குடியிருப்பு இருக்கிறதில்லையா, அதன் கிழக்கு வாசலைக் கட்டியவரும் இதே மிஹ்ர் பானு ஆகாதான். அந்த வாசலில் அவர் பெயர் கல்லில் இன்னும் நிற்கிறது. அது 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான வளாகம். புல்வெளி, நடைபாதை, விளக்கு, காவலாளி, 2024-இல் திறந்த புது அருங்காட்சியகம் என்று எல்லாம் அங்கே இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. பக்கத்தில் அக்பரின் தளபதியும் கவிஞருமான ரஹீம் கான்-இ-கானானின் சமாதியையும் பல வருட உழைப்புக்குப் பிறகு 2020 கடைசியில் அழகாகத் திறந்தார்கள். ஆனால் ஒரே ஆள் கட்டிய இரண்டு கட்டடங்களில் ஒன்று அப்படி, இன்னொன்று இப்படி. நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் பாலத்துக்கு மட்டும் ஏன் இந்த நிலை வந்தது என்பதற்கு நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். பாலத்தின் மேல்தளம் பழைய கல்தளமாக இல்லை. சாலை போடுகிறோம் என்று தார் மேல் தார், காங்கிரீட் மேல் காங்கிரீட் போட்டு மட்டத்தை உயர்த்தியிருந்தார்கள். மட்டம் ஏற ஏற மினார்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. கைப்பிடிச் சுவர் ஒரு ஓரத்தில் சிமெண்ட் பூசி ஒட்டுப்போட்டது. அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் விளிம்பு நெடுக வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரலை வைத்துத் தேய்த்தால் பழைய சுண்ணாம்புக் காரை மாவாக உதிரும். சிமெண்ட் மட்டும் கெட்டியாக நிற்கும்.

எதனால் இப்படி ஆகிறது என்று உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துச் சுவர் கரடுமுரடான கல்லை அடுக்கி, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்த காரையால் பிணைத்தது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். கரைந்த உப்பு பக்கத்தில் இருக்கும் பழைய காரை வழியாக வெளியே வந்து அதை அரிக்கும். அதனால் ஒட்டுப்போட்ட இடம் பத்திரமாக இருக்கும், ஒட்டுப்போடாத நல்ல சுவர் கெட்டுப்போகும். கட்டுமானம் தெரிந்த எந்தக் கொத்தனாரிடம் கேட்டாலும் இதைச் சொல்வார். பிறகு யார் அந்தச் சிமெண்டைப் பூச அனுமதித்தது?

அரச மரமும் ஆல மரமும் இன்னொரு தொல்லை. காரை போன இடுக்கில் ஒரு பறவை எச்சம் விழுந்தால் போதும். செடியை வெட்டுகிறார்கள், வேரை விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் இன்னும் தடியாக வருகிறது.

இவற்றைவிட என்னைக் கலங்க வைப்பது தூண்களின் அடிவாரம். வளைவுப் பாலம் நிற்கும் விதம் வேறு. ஒரு வளைவு பக்கத்து வளைவைத் தள்ளும், அது அடுத்ததைத் தள்ளும். தள்ளுவிசை ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு இரு கரையிலும் போய் முடியும். நடுவில் ஒரு தூண் நாலு அங்குலம் இறங்கினாலும் பக்கத்தில் இருக்கும் இரண்டு வளைவுகளும் விரிசல் விடும். இப்படி நிற்கும் ஒரு பாலத்தின் காலடியில் ஜேசிபி வாளியால் சேற்றை வாரியதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். வாளியின் பல் தூணுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. வண்டி ஓட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு "இன்றைக்குள் இத்தனை லோடு" என்று சொல்லியிருப்பார்கள், அவர் வேலையை அவர் செய்தார். சேற்றை எடுக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வளைவுகளின் வாய் பாதிவரை அடைபட்டுக் கிடந்தது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சேறு எத்தனையோ வருடம் தூணுக்கு அணைவாக இருந்திருக்கிறது. அதை ஒரு பக்கமாக மட்டும் வாரி எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டீர்களா? போட்டிருந்தால் அந்தக் கணக்கைப் பொதுவில் வையுங்கள்.

வெள்ளக் கதைக்கு வருகிறேன். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறியது. ஆறே அந்த உயரத்தில் நின்றால் நகரத்து வாய்க்கால்கள் தண்ணீரை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? 2024 ஜூன் 28 அன்று சஃப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் மழை. தெற்கு டெல்லியே மிதந்தது. அதற்கப்புறம்தான் பாராபுல்லா வாய்க்கால் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அந்த வருடம் பாலத்தின் மேல் இருந்த கடைகளை அப்புறப்படுத்தினீர்கள், சீரமைப்பு தொடங்கியது. அடுத்த வருடம், 2025 ஜூன் 1 அன்று, பாலத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் இருந்த மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதியை இடித்தார்கள்.

நீதிமன்ற உத்தரவுப்படி நடந்தது அது. டெல்லி உயர்நீதிமன்றம் மே மாதம் தேதி குறித்துக் கொடுத்தது. அந்த உத்தரவை எதிர்த்து வாதாட நான் இங்கே வரவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்கள் யார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள், இரண்டு மூன்று தலைமுறையாக. ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை செய்த பெண்கள், கட்டட வேலைக்குப் போன ஆண்கள், தெருவோரம் இட்லி தோசைக் கடை போட்டவர்கள். 370 வீடுகளில் 189 வீட்டாருக்கு மட்டும்தான் மாற்று வீடு பெறும் தகுதி என்று முடிவானது. அதுவும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். மீதிப் பேர் எங்கே போவது? எங்கள் வீட்டுப் பக்கம் வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா ஒருவர் நரேலா போன பிறகு ஒரு மாதம்போல் பஸ் பிடித்து வந்து பார்த்தார். "போக வரவே பொழுது சரியா இருக்குப்பா, சம்பளத்துல பாதி வழியிலயே போயிடுது" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அவர் மகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்துக்கு ஏழு பள்ளிகள் உண்டு, ஒன்றுகூட நரேலாவில் இல்லை. அந்தப் பெண் இப்போது வேறு மொழியில் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

வாய்க்கால் அடைபட்டதற்கு அவர்கள்தான் காரணம் என்று ஒரு பேச்சு அப்போது ஊரெல்லாம் அடிபட்டது. அவர்கள் போட்ட குப்பையும் அதில் உண்டு, மறுக்கவில்லை. குப்பை வண்டி வராத இடத்தில் குப்பை எங்கே போகும்? ஆனால் தெற்கு டெல்லியின் பாதிச் சாக்கடை அந்த வாய்க்காலில்தான் விழுகிறது. வாய்க்காலுக்கு உள்ளேயே தூண் ஊன்றி 2010-இல் மேம்பாலம் கட்டினோம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்கிறது உங்கள் சட்டம். அந்தச் சட்டம் குடிசைக்கு எவ்வளவு கறாரோ அவ்வளவு கறார் பெரிய சாலைக்கும் இருந்திருந்தால், இன்றைக்கு உங்களிடம் நான் இவ்வளவு சத்தமாகப் பேச வேண்டியிருக்காது.

சரி, இடித்தது இடித்ததுதான். நான் கேட்பது இதைத்தான்: இவ்வளவு பேரை எழுப்பிவிட்டுச் செய்கிற வேலை, அந்தப் பாலத்தை உயிரோடு வைக்கும் வேலையாக இருக்க வேண்டும். வேலி போட்டு, பூட்டுப் போட்டு, நீலப் பலகையில் "பாதுகாக்கப்பட்ட சின்னம், மீறினால் அபராதம்" என்று எழுதி முடித்துவிடும் வேலையாக இருக்கக் கூடாது. அப்படி முடிந்துவிடுமோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. நான் ஏறி இறங்கிய ஒரு அலுவலகத்தில், "மக்களை விட்டால் மறுபடி கடை போட்டுவிடுவார்கள், மூடி வைப்பதுதான் நல்லது" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாலத்துக்கு மக்கள்தான் ஆபத்து என்று உண்மையாகவே நம்புகிறார்.

அந்த நம்பிக்கை தப்பு என்பதற்கு டெல்லியிலேயே சாட்சி இருக்கிறது. லோதி தோட்டத்தில் அக்பர் காலத்து அட்புலா இருக்கிறது. ஏழு வளைவுகள், எட்டுத் தூண்கள். காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்காரர்கள் அதன் மேல்தான் போகிறார்கள். குழந்தைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே வாத்து பார்க்கிறார்கள். பாலத்துக்கு என்ன கேடு வந்தது? ஜௌன்பூரில் அக்பரின் ஆளுநர் முனிம் கான் 1568-ஐ ஒட்டிக் கோமதி ஆற்றின் மேல் கட்டிய ஷாஹி பாலத்தைப் பாருங்கள். வெள்ளம் பார்த்தது, 1934 பூகம்பத்தில் அடிபட்டது, சீர்செய்தார்கள், இன்னும் ஊரே அதன் மேல் போகிறது. ஹைதராபாத்தில் மூசி ஆற்றின் மேல் 1578-இல் குதுப் ஷாஹிகள் கட்டிய புரானா புல் இருக்கிறது. வண்டிகளை நிறுத்தினார்கள், மேலே காய்கறிச் சந்தை நடந்தது. அங்கேயும் குறைகள் உண்டு, நான் அதை முன்மாதிரியாக அப்படியே தூக்கிக்கொண்டு வரச் சொல்லவில்லை. ஆனால் ஆள் நடமாட்டம் இருக்கும் பாலத்தில் ஒரு கல் பெயர்ந்தால் அன்றைக்கே நாலு பேர் கண்ணில் படும். பூட்டிய பாலத்தில் அது எத்தனை வருடம் கழித்துத் தெரியும்?

பாலத்தின் மேல் மீன் விற்ற பெண்கள் கடையைக் கட்டும்போது பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீர் சுவருக்கு நல்லதில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் வண்டி வந்தது, தட்டை எடுத்துப் போட்டது, அவ்வளவுதான். தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டிருக்கிறது. இடம் மாற்றுவதற்கு முன்னால் கணக்கெடுப்பு, முன்னறிவிப்பு, மாற்று இடம் என்று அதில் முறை சொல்லப்பட்டிருக்கிறது. பாலத்தின் மேல் கடை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். பாலத்துக்கு வெளியே, ஏறும் வழியில், அவர்களுக்கு இடம் கொடுக்க முடியாதா?

இனி என் கோரிக்கைகளை நேராகவே வைக்கிறேன்.

பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் எப்போதும் திறந்திருக்கும், மோட்டார் வண்டி எதுவும் ஏறாது என்று எழுத்தில் அறிவியுங்கள். இரவில் மூட வேண்டும் என்றால் நேரத்தைப் பலகையில் போடுங்கள். டிக்கெட் வைக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் நடக்கும் வழி அது.

தூண்களைச் சுற்றி இயந்திரம் வரக் கூடாத தூரத்தைக் குறித்துக் கம்பம் நடுங்கள். அந்த எல்லைக்குள் ஆட்களை விட்டுக் கையால்தான் சேறு எடுக்க வேண்டும். அவர்களுக்கு பூட்ஸும் கையுறையும் முகமூடியும் கொடுத்து, மரபுக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தூணின் மட்டத்தையும் அளந்து, அந்த அளவுகளை வெளியிடுங்கள்.

சிமெண்ட் ஒட்டுகளை முழுதாக எடுங்கள், சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். செடிகளை வேரோடு எடுங்கள். எந்த வளைவில் எந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்று செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். நாளைக்கு உங்கள் இடத்துக்கு வருபவருக்கும் அது உதவும்.

காணாமல் போன கல்வெட்டைக் கிடங்குகளிலும் அருங்காட்சியக இருப்புகளிலும் தேட உத்தரவிடுங்கள். கிடைக்கும்வரை, பழைய பதிவுகளில் இருக்கும் அதன் வாசகத்தை ஒரு கல்லில் பொறித்துப் பாலத்தின் முகப்பில் வையுங்கள், அது நகல் என்ற குறிப்போடு. மிஹ்ர் பானு ஆகாவின் பெயர் அங்கே இருக்க வேண்டும். அரபு சராய் வாசலுக்கும் இந்தப் பாலத்துக்கும் இருக்கும் தொடர்பைச் சொல்லி, இரண்டு இடத்திலும் வழிகாட்டிப் பலகை வையுங்கள். இந்தி, உருது, ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதுங்கள். அந்தப் பலகையில், இந்தக் கரையில் 2025 வரை மதராஸி கேம்ப் இருந்தது என்று ஒரு வரியும் இருக்கட்டும்.

பாலத்திலிருந்து எழுப்பப்பட்ட வியாபாரிகளின் பட்டியலை எடுத்து, 2014 சட்டப்படி பாலத்துக்கு வெளியே அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்லிச் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதுங்கள். நரேலாவுக்குப் போன குடும்பங்களுக்கு ஜங்புரா, நிஜாமுதீன் பக்கம் நேர் பஸ் வேண்டும். அவர்கள் பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே தொடர ஏற்பாடு வேண்டும். வீடு கிடைக்காதவர்களின் மனுக்களை மறுபடி பார்க்க வேண்டும். இவை நேரடியாக உங்கள் அதிகாரத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். இடத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் எழுதும்போது உங்கள் பெயரில்தான் எழுதப்பட்டது. இதற்கும் உங்கள் பெயரில் ஒரு கடிதம் போகட்டும்.

கடைசியாக, பாலத்துக்கும் வாய்க்காலுக்கும் சேர்த்துப் பொறுப்பான ஒரு அதிகாரியை நியமித்து, அவர் பதவிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பாலத்தின் இரண்டு முனையிலும் எழுதி வையுங்கள். இந்த மடலுக்கான பதிலை அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்னால், பொதுவில், எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஜங்புராவில் குடியிருக்கும் ஒரு டெல்லித் தமிழர்